அரை முகம் செய்தால் போதும்!

நியூயார்க் போகிறவர்கள் எல்லோரும் சுதந்திர தேவி சிலை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நான் ஓர் அரை மூக்கின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆமாம், அரை மூக்குதான். கூடவே ஒரு கண், பாதி வாய், காதோரம் கொஞ்சம் சுருட்டை முடி. எல்லாம் சேர்த்து உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. வயது மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரம்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அக்கா வீடு க்வீன்ஸில். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வெளியே விடாத மழை. 'கூரை இருக்கிற இடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போங்க' என்று அக்கா உத்தரவு போட, மாமா என்னை ஐந்தாம் அவென்யூவில் இருக்கும் மெட்ரோபாலிடன் ம்யூசியத்துக்கு அழைத்துப் போனார். அங்கே டிக்கெட்டில் ஒரு விசேஷம். நியூயார்க் மாநிலத்தில் குடியிருப்பவர்கள் மனசுக்குத் தோன்றியதைக் கொடுத்தால் போதும். வெளியூர்க்காரன் என்றால், நான் போனபோது, 30 டாலர்! மாமா தன் மனசைத் தொட்டுப் பார்த்து ஐந்து டாலர் எடுத்து நீட்டினார். நான் முப்பதை எண்பத்துச் சொச்சத்தால் பெருக்கிப் பார்த்துக்கொண்டே நீட்டினேன். உள்ளே நுழைந்ததும் ஒரு சபதம். இந்தக் காசுக்கு ஒவ்வொரு பொருளையும் இரண்டு தடவையாவது பார்க்காமல் வெளியே வருவதில்லை.

அந்தச் சபதம் இல்லாவிட்டால் கிரேக்க-ரோமானியப் பகுதியில் அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை நான் தாண்டியே போயிருப்பேன். பக்கத்தில் ஆளுயரப் பளிங்குச் சிலைகள் நிற்கும்போது நகத்தளவு சமாசாரத்தை யார் குனிந்து பார்ப்பார்கள்?

"என்ன மாப்ளே, வளையல் துண்டு மாதிரி இருக்கு?" என்றார் மாமா.

எனக்கும் அதேதான் தோன்றியது. சின்ன வயசில் உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கி, மூன்று கண்ணாடிப் பட்டைகளை முக்கோணமாகக் கட்டி, அட்டை சுற்றி, ஒற்றைக் கண்ணால் பார்ப்போமே, அந்தக் கலைடாஸ்கோப் ஞாபகம். குனிந்து பார்த்தேன். நீலப் பின்னணி. நடுவில் ஒரு முகம். வெள்ளைத் தோல், கறுப்புப் புருவம், தலையில் பூ வைத்த மாலை, சற்றே திறந்த வாய். அத்தனையும் கண்ணாடி! நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் முகத்தின் நட்ட நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடு.

விரிசல் என்றுதான் நினைத்தேன். இல்லை. அது ஒட்டுப் போட்ட இடம். இந்தப் பக்கம் அரை முகம், அந்தப் பக்கம் அரை முகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முழு முகம் பண்ணியிருக்கிறார்கள்!

ஏன் பாதி பாதியாக? அங்கேதான் ஸார், விஷயமே இருக்கிறது.

கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியிலும் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த வேலை ஜோராக நடந்திருக்கிறது. இதற்குப் பேர்போன நாடு எகிப்து. கண்ணாடியைப் பதித்து அலங்காரம் செய்வது எகிப்தியர்களுக்குப் பழைய பழக்கம். துட்டன்காமுனின் தங்க முகமூடியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். தலைத்துணியில் வரிவரியாக நீலம் ஓடுமே, அது ரத்தினக்கல் இல்லை, கண்ணாடி. அவன் காலத்தில் ஒவ்வொரு துண்டும் ஒரே நிறம். அதற்குப் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள், ஒரே துண்டுக்குள் ஒரு முழுச் சித்திரத்தையே அடைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

எப்படி? பெயின்ட் அடித்தா? கிடையவே கிடையாது.

முதலில் நிறம் நிறமாகக் கண்ணாடி உருக்கவேண்டும். கோபால்ட் கலந்தால் ஆழ்ந்த நீலம். செம்பு கலந்தால் மயில் கழுத்து நிறம். அதே செம்பு, உலையில் காற்றைக் குறைத்துவிட்டால் சிவப்பு. ஈயமும் ஆன்டிமனியும் சேர்ந்தால் மஞ்சள். சுண்ணாம்பும் ஆன்டிமனியும் சேர்ந்தால் பால் வெள்ளை. இவற்றைக் குச்சிகளாகவும் பட்டைகளாகவும் இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் படத்தை வரைவதற்குப் பதிலாக அடுக்குகிறார்கள். கண்ணுக்குத் தனிக் குச்சி, உள்ளே கறுப்பு, சுற்றிலும் வெள்ளை. சுருட்டை முடிக்கு, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிய குச்சி. மாலையில் இருக்கும் பூவுக்கு இன்னொன்று. அத்தனையும் சேர்ந்து ஒரு தடிமனான கட்டு. அந்தக் கட்டின் முனையை நேராகப் பார்த்தால் முகம் தெரியும்.

இப்போது அந்தக் கட்டைச் சூடாக்குகிறார்கள். குச்சிகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இளகிய நிலையில் பிடித்து இழுக்கிறார்கள்.

ஜவ்வு மிட்டாய்க்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பொம்மை கட்டிய கம்பில் ரோஸும் வெள்ளையுமாகச் சுற்றியிருக்கும் மிட்டாயை இழுத்து, ஒரு நிமிஷத்தில் நம் கையில் வாட்ச் கட்டிவிடுவாரே! எவ்வளவு இழுத்தாலும் ரோஸ் ரோஸாகவும் வெள்ளை வெள்ளையாகவும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிவரும். கலங்காது. கண்ணாடியும் அப்படித்தான். கட்டு மெலிந்துகொண்டே நீளும். முனையில் இருக்கும் முகம் சுருங்கும். ஆனால் கண் இருக்கிற இடத்தில் கண், மூக்கு இருக்கிற இடத்தில் மூக்கு! உள்ளங்கை அளவில் அடுக்கிய புருவம், கடைசியில் ஊசி நூல் அளவுக்கு வந்துவிடும். தூரிகையால் அந்தப் புருவத்தை வரைய முடியுமா என்ன?

ஆறியதும் குறுக்கே அறுக்கவேண்டியதுதான். அறுக்க அறுக்க வில்லை. வில்லைக்கு வில்லை அதே முகம்.

பி.காம் புத்தி சும்மா இருக்குமா? அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். இது அவர்கள் அளவு இல்லை, என் மனக்கணக்கு. கட்டின் முனை பத்து சென்டிமீட்டர் உயரம், ஐந்து அகலம். நீளமும் பத்து சென்டிமீட்டர். உயரமும் அகலமும் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும்வரை இழுத்தால், நீளம் பதினாறு மடங்கு. அதாவது நூற்று அறுபது சென்டிமீட்டர். நாலு மில்லிமீட்டருக்கு ஒரு வில்லை என்று அறுத்தால் நானூறு! அறுக்கும்போது தூளாகப் போவதைக் கழித்துக்கொள்ளுங்கள்; அப்படியும் சில நூறு தேறும்.

"அதெல்லாம் சரி, பாதி முகம் எதுக்கு?" என்றார் மாமா. அவர் ஸாஃப்ட்வேர்க்காரர். கேள்வி மட்டும் கறாராக இருக்கும்.

வில்லையில் இருப்பது மேலே பூசிய படம் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஊடுருவிப் போகிற படம். முன்னால் பார்த்தாலும் முகம், பின்னால் பார்த்தாலும் முகம். அதனால் வலது பாதியை மட்டும் அடுக்கி இழுத்து, இரண்டு வில்லை அறுத்து, ஒன்றைத் தோசையைத் திருப்புவது போலத் திருப்பிப் போட்டால், அது இடது பாதி! புத்தகம் விரிக்கிற மாதிரி இரண்டையும் சேர்த்து வைத்தால் முழு முகம் ரெடி. அடுக்குகிற வேலை பாதி. இரண்டு கண்ணும் ஒரே உயரத்தில் வருமா என்ற கவலை பூஜ்யம்.

மாமா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அடப்பாவி, காப்பி எடுத்து ஃப்ளிப் பண்ணியிருக்கான்!" என்றார். மவுஸை வைத்து அவர் தினமும் செய்கிற வேலையை, அந்த ஆள் உலையை வைத்துச் செய்திருக்கிறான்.

இந்த முகங்கள் யாருடையவை? ராஜாக்கள் இல்லை, சாமிகளும் அதிகம் இல்லை. நாடகக்காரர்கள்! கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் நடிகர்கள் முகமூடி போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவார்கள். கி.மு. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் மெனாண்டர் என்ற நாடகாசிரியர் கொடிகட்டிப் பறந்தார். அவர் வகை நாடகங்களில் காதலில் தவிக்கும் பையன், கோபக்கார அப்பா, தாசிப் பெண், ஐடியா மேல் ஐடியா கொடுக்கும் அடிமை வேலைக்காரன் என்று ஆட்கள் மாற மாட்டார்கள். நம் சினிமாவில் ஹீரோவுக்குக் காதல் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடி வாங்குகிற நண்பன் இருக்கிறானே, அவனுக்கு முப்பாட்டன் அந்த அடிமைதான். மெனாண்டர் போய் முந்நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்த முகமூடிகளுக்கு மவுசு குறையவில்லை. அவற்றைக் கண்ணாடி வில்லையாக்கி மரப்பெட்டியிலும் மேஜை நாற்காலியிலும் பதித்திருக்கிறார்கள்.

ஆனால் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பொல்லுக்ஸ் என்பவர் இந்த நாடக முகமூடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதி வைத்தார். அதில் முக்கியமான அப்பா வேஷத்துக்கு ஓர் அடையாளம்: வலது புருவம் மட்டும் தூக்கியிருக்கும். நம் சிவாஜி ஒற்றைப் புருவத்தைத் தூக்கினால் தியேட்டரே கைதட்டுமே, அந்தச் சமாசாரம். பாதி முக டெக்னிக்கில் அது நடக்காது. ஒரு புருவத்தைத் தூக்கினால் அடுத்ததும் தானாகத் தூக்கிக்கொள்ளும்! பாதி உழைப்பை மிச்சம் பிடித்தவன், அந்த ஒற்றைப் புருவத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

இத்தனை வித்தை தெரிந்தவன் பெயர் என்ன? எந்த வில்லையிலும் இல்லை. நாடகம் எழுதியவன் பெயர் தெரியும். பட்டியல் போட்டவன் பெயர் தெரியும். வாங்கிச் சேர்த்தவர்கள் பெயர்கூடத் தெரியும். எட்வர்ட் மூர் என்று ஒருவர், டிஃபனி கம்பெனியின் வெள்ளிப் பட்டறைக்குத் தலைவர். தன் கைவினைஞர்கள் பார்த்துப் பழகட்டும் என்றே பழைய கண்ணாடியும் இன்னும் பலதும் சேர்த்தவர். 1891-ல் அவர் காலமானதும் அந்தச் சேகரிப்பு இந்த ம்யூசியத்துக்கு வந்தது. 1917-ல் பெரிய பாங்கர் ஜே.பி. மார்கன் வாங்கி வைத்திருந்ததிலிருந்து ஏராளமான கண்ணாடித் துண்டுகள் வந்து சேர்ந்தன. உலைக்கு முன்னால் வியர்வை சிந்தியவன் பெயர் மட்டும் இல்லை.

இப்படி நினைத்துக்கொண்டே இன்னொரு முகத்தைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வலது கண்ணின் உள் ஓரத்தில், மூக்குக்குப் பக்கத்தில், வெள்ளை லேசாகக் கறுப்புக்குள் வழிந்திருந்தது. கட்டை இழுக்கும்போது ஏதோ நெளிந்திருக்கிறது. இடது கண்ணைப் பார்த்தேன். அங்கேயும் அதே இடத்தில் அதே வழிசல்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணம் இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் முதல் வேலை. அங்கே ஒரு தடவை 12,600 என்று எழுதவேண்டியதை 16,200 என்று எழுதிவிட்டேன். பற்றிலும் அதே, வரவிலும் அதே. ட்ரயல் பேலன்ஸ் அட்டகாசமாக டேலி ஆனது! இரண்டு பக்கமும் ஒரே தப்பு என்றால் கணக்கு நம்மைக் காட்டிக்கொடுக்காது. பி.காமில் பாடமாகவே படித்தது, அன்றைக்குத்தான் புரிந்தது. மூணு மாசம் கழித்து பாங்க் ஸ்டேட்மெண்டோடு ஒத்துப் பார்த்தபோது 3,600 ரூபாய் இடித்தது. எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர் இருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "ஒன்பதால வகுபடுது. இலக்கம் இடம் மாறியிருக்கு" என்றார். அப்புறம் நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். லெட்ஜரைப் புரட்டவில்லை, எழுத்தைப் பார்க்கவில்லை.

"நான்தான்னு எப்படி ஸார்...?" என்று இழுத்தேன்.

"இந்த ஆபீஸ்ல நம்பரைத் திருப்பிப் போடறவன் நீ ஒருத்தன்தானப்பா" என்றார்.

அன்றைக்கு அவமானமாக இருந்தது. அந்த ஆபீஸில் இரண்டு வருஷம் எழுதினேன். நான் எழுதிய எந்தப் பக்கத்திலும் என் பெயர் கிடையாது. சரியாக எழுதிய ஆயிரம் வரியை வைத்து, 'இது உன் வேலை' என்று யாரும் சொன்னதில்லை. சொன்னது அந்த ஒரு தப்பை வைத்துத்தான்!

இந்தக் கண்ணாடிக்காரன் கதையும் அதுவேதான். கட்டில் ஒரு நெளிசல் விழுந்தால், அந்தக் கட்டில் அறுத்த வில்லையில் எல்லாம் அந்த நெளிசல் தொடர்ந்து வரும். ஒரே கட்டில் பிறந்த வில்லைகள் கால ஓட்டத்தில் பிரிந்து, வெவ்வேறு ம்யூசியங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றை அண்ணன் தம்பி என்று கண்டுபிடிப்பது எப்படி? குச்சிகளின் அமைப்பு, நிறம், கூடவே இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கோணல்கள். நறுவிசாக வந்த மாதிரிப் புருவத்தை இன்னொரு பட்டறைக்காரனும் அடுக்கியிருக்கலாம். ஆனால் இந்த வழிசல் இந்தக் கட்டுக்கு மட்டும்தான் சொந்தம். கையெழுத்துப் போடாதவனுக்கு அதுதான் கையெழுத்து.

அவன் தொழிலுக்கும் ஒரு சோதனை வந்தது. கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில், சிரியா-பாலஸ்தீனப் பக்கம் யாரோ ஒருவன் குழாயின் முனையில் இளகிய கண்ணாடியை எடுத்து வாயால் ஊதினான். பலூன் மாதிரி உப்பியது. அவ்வளவுதான், கண்ணாடித் தொழிலே தலைகீழாகிவிட்டது. நாள் கணக்கில் செய்த கிண்ணம், நிமிஷக் கணக்கில்! ஸ்ட்ராபோ என்ற கிரேக்க எழுத்தாளர் அந்தக் காலத்தில் அலெக்ஸாண்ட்ரியாவுக்குப் போயிருக்கிறார். பல வண்ண வேலைக்கு எகிப்தில் கிடைக்கிற ஒருவகை மண் இல்லாமல் முடியாது என்று அங்கே கண்ணாடிக்காரர்கள் சொன்னதாக எழுதிவைத்தவர், அதே கையோடு ரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் கோப்பை கிடைக்கிறது என்றும் எழுதினார். ஒரு செப்புக்காசு! அடுக்கி, உருக்கி, இழுத்து, அறுத்து, தேய்க்கிறவன் அந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாவான்? உடனே மூடிவிடவில்லை. பதிக்கும் வேலை சில இடங்களில் இன்னும் பல காலம் நடந்தது. ஆனால் முன்னே இருந்த கிராக்கி படிப்படியாகக் குறைந்துபோயிற்று.

புதுசாக ஒரு மெஷின் வந்து இறங்கும்போதெல்லாம் 'இனி நாம எதுக்கு?' என்று ஆபீஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோமே, அந்தப் பார்வைக்கும் வயது இரண்டாயிரம் இருக்கும் போலிருக்கிறது.

செத்த வித்தைக்கு மறுபடி உயிரும் வந்தது. வெனிஸ் பக்கத்தில் முரானோ தீவு. அங்கே வின்சென்ஸோ மொரெட்டி என்கிற கண்ணாடிக்காரர் பழைய ரோமானியத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துச் சோதனை செய்து, 1870-களில் அந்த வேலையைத் திரும்பக் கற்றுக்கொண்டார். 1878-ல் பாரிஸ் கண்காட்சியில் அவர் கிண்ணங்கள் வைக்கப்பட்டன. உடைந்த துண்டுதான் அவருக்கு வாத்தியார்.

'நம்ம ஊருக்கு இதில் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? கண்ணாடி வந்திருக்கிறது. ஏறத்தாழ அதே காலத்தில் ஒரு கிரேக்க வியாபாரி எழுதிய கடல்வழிக் கையேட்டில், முசிறித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளில் கச்சாக் கண்ணாடியும் ஒன்று. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியச் சாடிகளோடு கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அங்கே மணி செய்தவர்கள் இளகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, சின்னச் சின்னதாக நறுக்கியவர்கள். முகம் அடுக்கவில்லை, அது வேறு வேலை. ஆனால் இழுத்து நறுக்கினால் ஒன்று பலவாகும் என்ற சூத்திரம் அவர்களுக்கும் அத்துப்படி. அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது.

கிளம்பும்போது அந்த அரை மூக்கிடம் மறுபடி போனேன். சபதப்படி இரண்டாவது தடவை! அதற்கு ஜோடி இல்லை. ஒட்டவேண்டிய பக்கம் நேராக, வழவழவென்று, காத்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. அதன் மறுபாதி வேறு ஊர் ம்யூசியத்தில் இருக்கலாம், மண்ணுக்குள் இருக்கலாம், அறுக்காமலே போயிருக்கலாம். "வா மாப்ளே, மூடப்போறான்" என்று மாமா கையைப் பிடித்து இழுத்தார்.

வீட்டுக்கு வந்தால் அக்கா ராத்திரிப் பொரியலுக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா ஒரு வில்லையை எடுத்து லைட்டுக்கு நேரே பிடித்தார். அடுத்ததை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒன்றைத் திருப்பிப் போட்டார்.

"ஐந்து அறை, நடுவுல வட்டம், எல்லாத்துலயும் ஒரே டிசைன்!" என்றார் பரவசமாக.

"முப்பது டாலர் கொடுத்து ரெண்டு பேரும் வெண்டைக்காய் பார்த்துட்டு வந்தீங்களாக்கும்" என்றாள் அக்கா. மாமா கொடுத்தது ஐந்துதான் என்பதை நான் சொல்லவில்லை.

அக்கா அடுத்த காயை நறுக்கினாள். ஒரு வில்லையில் ஊசிமுனை அளவுக்குக் கறுப்பாக ஓர் ஓட்டை. அடுத்த வில்லையிலும் அதே இடத்தில் அதே ஓட்டை. அதற்கு அடுத்ததிலும்.

"சே, புழு" என்று தூக்கிப் போடப் போனவள் கையை நானும் மாமாவும் ஒரே நேரத்தில் பிடித்தோம்.